கதைதானே என்றா சொன்னீர்கள்?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் பாடம். அதில் கள்ளமின்மையின் குறியீடுகள் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பத்துக்கு நாலுதான். "எல்லாரும் எழுதுவது" என்று மிஸ் குறிப்பு வேறு. இத்தனைக்கும் கோர்ட் காட்சியில் டில் என்ற பையன் அழும் இடத்தில் இவளும் அழுதாள். "கதைதானே, மார்க் வாங்குற வழியைப் பாரு" என்று தேற்றினேன். எந்தெந்தக் குறியீடுகளை எழுதினால் மார்க் வரும்?
- திருச்சி வாசகி

பதில்: அதற்குப் பெயர் தேற்றுவதா? பத்து மார்க் பதில் உங்கள் மகளின் கண்ணில் இருந்தது, நீங்கள்தான் துடைத்துவிட்டீர்கள்.

அந்தப் பத்தொன்பதாம் அத்தியாயத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் டாம் ராபின்சன். அரசுத் தரப்பு வக்கீல் கில்மர் அவரை 'பையா', 'பையா' என்றே விளிக்கிறார். டாமுக்கு வயது 25. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. அந்தத் தோரணை பொறுக்காமல்தான் டில் அழுகிறான். அவனை வெளியே கூட்டிப்போகும் ஸ்கவுட், கதை சொல்லும் சிறுமி, சொல்கிறாள்: என்ன இருந்தாலும் அவன் நீக்ரோதானே. டாமுக்காக வாதாடும் வக்கீல் அட்டிகஸின் மகள்தான் இப்படிப் பேசுகிறாள்! ஊர் அந்த வயதிலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. உங்கள் 'கதைதானே'வும் அதே பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

வெளியே இருக்கும் டால்ஃபஸ் ரேமண்ட் என்ற ஊர்க்காரர், இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் இந்தப் பையன் அழமாட்டான் என்கிறார். டாம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகு, 22ஆம் அத்தியாயத்தில் ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம் அழுகிறான். குழந்தைகள் மட்டும்தான் அழுகிறார்கள் போலிருக்கிறது என்கிறார் அட்டிகஸ். யார் அழுகிறார்கள், யாருக்கு அழுகை நின்றுபோனது என்று தொடர்ந்து பார்த்தாலே கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

தலைப்பில் வரும் மாக்கிங்பேர்ட் பறவையை விடவேண்டாம், ஆனால் அதில் தொடங்கவேண்டாம். பத்தாம் அத்தியாயத்தில் அதைச் சுடுவது பாவம் என்கிறார் அட்டிகஸ்; அது நமக்காகப் பாடுகிறதே தவிர யாருக்கும் தொந்தரவு செய்வதில்லை என்று காரணம் சொல்பவர் பக்கத்து வீட்டு மிஸ் மாடி. முப்பதாம் அத்தியாயத்தில், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து கடைசியில் குழந்தைகளைக் காப்பாற்றும் பூ ராட்லியை ஊர் முன்னால் இழுப்பதும் அந்தப் பறவையைச் சுடுவதுபோலத்தான் என்று ஸ்கவுட்டே சொல்கிறாள்; பூவுக்கு அந்த உவமை பொருந்துகிறது. டாமுக்கு? அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சிறுவயதில் பஞ்சு அரவை இயந்திரத்தில் சிக்கி அவர் இடது கை செயலிழந்தது. மயெல்லாவின் காயமோ முகத்தின் வலப்பக்கம், அதாவது இடது கையால் விழுந்த அடி. சாட்சியம் அவர் பக்கம்தான். ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக இரக்கப்பட்டேன் என்று கூண்டில் நின்று சொல்கிறார். ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவதா! ஊர் வெள்ளைக்காரர்களால் அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. வாய்திறந்து உண்மை பேசிய மனிதரைப் பாவப்பட்ட பறவையாகச் சுருக்கினால், கில்மரின் 'பையா'வுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. இதை எழுதச் சொல்லுங்கள், மிஸ் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று: 25ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் ஸ்கவுட் நசுக்கப்போன பூச்சியை ஜெம் தடுக்கிறான், அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்கிறான். டாமின் சாவுச்செய்தி அவர் மனைவிக்குப் போவதும் அதே அத்தியாயத்தில்தான். பலர் கவனிப்பதில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அட்டிகஸ் தன் தம்பியைக் கடிந்துகொள்வார், குழந்தை கேட்டால் மழுப்பாமல் பதில் சொல் என்று. ஃபீஸ் கட்டுவதைப் போலவே அதுவும் பெற்றவர் கடமைதான். இன்று ராத்திரியே எந்த வரியில் அழுகை வந்தது என்று மகளிடம் கேளுங்கள். மார்க் பேச்சை எடுக்காதீர்கள். கட்டுரையில் பாதியை அந்த வரிக்கே ஒதுக்கட்டும்.