வாசல் கதவு பெயிண்ட் ஏன் கீழிருந்தே உரிகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு நல்ல எனாமல் அடித்தும் ஒரு மழைக்காலம் தாண்டினால் கீழ்ப்பக்கம் உரிந்துவிடுகிறது. என்ன செய்தால் நிற்கும்? பேசாமல் வார்னிஷ் அடித்துவிடலாமா?

பதில்: ஒரு சின்னக் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் தரையில் வைத்துப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பு பெரும்பாலும் வெறும் மரமாகத்தான் இருக்கும். கதவை நிலையில் வைத்தபடியே அடித்தால் அங்கே பிரஷ் போகாது. ஆனால் தண்ணீர் போகும். தினமும் வாசல் தெளிக்கிறோம், படியைக் கழுவி விடுகிறோம், சாரல் வேறு அடிக்கிறது. நெடுக்கு வசத்தில் நிற்கும் சட்டங்களின் வெட்டுமுனை அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். ஏறிய ஈரம் வெயில் பட்டதும் வெளியே வரப் பார்க்கும், வரும்போது பெயிண்டைத் தள்ளிவிடும். மேலே எவ்வளவு விலை கொடுத்து அடித்தாலும் இதுதான் கதி.

அதனால் கீலைக் கழற்றிக் கதவை இறக்கியே ஆகவேண்டும். கனமான கதவு, இரண்டு பேர் இருந்தால்தான் நல்லது. கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே வேண்டாம். மாசி, பங்குனிதான் சரியான காலம், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைத்த இடத்திலும், கை பட்டுப் பட்டுப் பளபளப்பான இடத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அதன்மேல் பிரைமர் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செலோ டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வந்தால் அந்த இடத்தைச் சுரண்டுங்கள், வராவிட்டால் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பைப் போக்கினாலே போதும். 80 எண் தாளில் தொடங்கி 120, பிறகு 220 (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சாக இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

அப்புறம் மர பிரைமர். முதலில் அடிவிளிம்பு, மேல்விளிம்பு, பூட்டுக்காகக் குடைந்த பள்ளம். இந்த இடங்களில் மரம் குடிக்கிற வரை கொடுங்கள், இரண்டு மூன்று கை (கோட்) போகும். ஓட்டை, விரிசலை அடைக்கும் பட்டியை (புட்டி) பிரைமருக்குப் பிறகுதான் வைக்கவேண்டும். வெறும் மரத்தில் வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் இழுத்துக்கொள்ளும், பட்டி வெடித்து உதிரும். பட்டி வைத்த இடத்தைத் தேய்த்து, அங்கே மட்டும் இன்னொரு முறை பிரைமர்.

எனாமல் இரண்டு கை, மெல்லிசாக. நடுவில் ஓர் இரவு காயட்டும், காலையில் 320 தாளால் லேசாகத் தடவிவிட்டு அடுத்த கை. நேர் வெயிலில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே தின்னர் சிக்கிக் கொப்புளிக்கும், நிழலில் அடியுங்கள். அடிவிளிம்புக்கும் இரண்டு கை உண்டு.

வார்னிஷ் பற்றிக் கேட்டீர்கள். தேக்கின் ரேகையை மூடிவிட எனக்கும் மனசு வராது. ஆனால் வெயில் நேராக விழும் கதவு என்றால் சாதா வார்னிஷ் தாங்காது. தெளிவான பூச்சு வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய் மரத்தின் மேற்பரப்பையே சிதைக்கும், பிடிமானம் போய்ச் செதில் செதிலாக வரும். எனாமலில் இருக்கும் நிறமி அந்த ஒளியை மறிக்கிறது. போர்ட்டிகோ நிழலில் இருக்கும் கதவு என்றால், வெளிப்புறத்துக்கென்றே வரும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷைத் தாராளமாக அடிக்கலாம். மெலமைன் பாலிஷ் வேண்டாம், அது வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு. எதை அடித்தாலும் அடிவிளிம்புக்கும் அதையே அடியுங்கள்.