நிறமே இல்லாத நிறமாலை

கேள்வி: கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் நடுவில் பட்டகம், ஒரு பக்கம் சோடியம் விளக்கு, மறுபக்கம் டெலஸ்கோப், வெர்னியரைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததுதான் ஞாபகம். இப்போது அணுக்களின் நிறையை அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிறார்கள், அதில் பட்டகமும் இல்லை, விளக்கும் இல்லையாம். அப்புறம் எதற்கு அதே பெயர்?

பதில்: நியாயமான சந்தேகம். நீங்கள் லேபில் செய்ததைத்தான் ஃபிரான்ஹோஃபரும் செய்தார். அவர் ஜெர்மனியில் கண்ணாடி செய்தவர். நல்ல லென்ஸ் வேண்டுமென்றால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பது, துல்லியமாகத் தெரிய வேண்டும், அதற்காக 1814-இல் பட்டகத்துக்குப் பின்னால் ஒரு டெலஸ்கோப்பை வைத்துச் சூரிய ஒளியைப் பார்த்தவருக்கு, வண்ணப்பட்டைக்கு நடுவே ஐந்நூறுக்கும் மேல் கருங்கோடுகள் தெரிந்தன. இங்கிலாந்து விஞ்ஞானி வொலாஸ்டன் 1802-லேயே சிலவற்றைப் பார்த்திருந்தார், ஆனால் உட்கார்ந்து எண்ணியவர் இவர்தான்.

வெறும் கண்ணால் பார்த்தால் அது ஸ்பெக்ட்ரோஸ்கோப். ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியம், மறு வருடம் ருபிடியம் என்ற புதிய தனிமங்களைக் கண்டுபிடித்தது அப்படிப் பார்த்தே. கண்ணுக்குப் பதில் போட்டோ தகடு வந்தால் ஸ்பெக்ட்ரோகிராஃப், அளந்து எண்ணாகச் சொன்னால் ஸ்பெக்ட்ரோமீட்டர். இதுவரை எல்லாம் ஒளிதான்.

1919-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஆஸ்டன் கட்டிய கருவியில் ஒளிக்குப் பதில் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஓடின. மின்புலமும் காந்தப்புலமும் அவற்றை வளைத்தன. ஒரே மின்னேற்றம் என்றால் கனமானது குறைவாக வளையும், லேசானது அதிகம் வளையும். ஒரே நிறை கொண்டவை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்ததால், கழுவிய தகட்டில் வரிசையாகக் கோடுகள், பார்த்தால் அசல் ஒளிநிறமாலை மாதிரியே! அதனால் மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று பெயர் வைத்தார். பிறகு தகடு போய், விழும் அணுக்களை மின்னோட்டமாக அளக்கத் தொடங்கியதும் அதுவும் 'மீட்டர்' ஆனது.

ஆங்கிலத்தில் சொல்கிறவர்களுக்காவது பரவாயில்லை, ஸ்பெக்ட்ரம் என்ற லத்தீன் சொல்லுக்குத் தோற்றம் என்றுதான் பொருள், நிறம் அதில் இல்லை. நாம்தான் 'நிறமாலை' என்று வைத்துவிட்டு, இப்போது 'நிறை நிறமாலைமானி' என்று சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறோம்.

கேள்வி: ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்பதும் இதேதானா?

பதில்: அது மறுபடி ஒளிதான். ஒரு கரைசல் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று சொல்லும். அதை வைத்துக் கரைந்திருப்பது எவ்வளவு என்று கணக்கிடலாம்.