31 புத்தகங்களை முடித்த கும்பகோணத்துக்காரர்

கேள்வி: இந்த வருஷம் 52 புத்தகம் படிப்பது என்று ஜனவரியில் இலக்கு வைத்தேன். இன்று நவம்பர் 15. இதுவரை 31 முடித்துவிட்டேன். செல்போன் செயலியோ ‘14 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. படித்தவற்றுக்குக் கணக்கு வைக்க நோட்டு நல்லதா, செயலி நல்லதா? நீங்கள் வருஷத்துக்கு எத்தனை படிக்கிறீர்கள்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கும்பகோணம்)

பதில்: 31 முடித்துவிட்டேன் என்கிறீர்கள். பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த எங்கள் உதவி ஆசிரியர், “சார், இதை போலீசில் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டார்.

சினிமாவில் வில்லனின் ஆள் போனில் ‘முடிச்சாச்சுண்ணே’ என்றால் எங்கோ ஒரு உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதுவே திருநெல்வேலிப் பக்கம் ‘மாமா மகளைத்தான் முடிச்சிருக்கான்’ என்றால் கல்யாணம். நீங்கள் எந்த வழக்கில் எழுதினீர்களோ தெரியவில்லை. பத்தரை மாதத்தில் 31 கொலை என்றால் மாதத்துக்கு மூன்று. 31 கல்யாணம் என்றாலும் அதே மூன்றுதான், பந்திச் செலவு கூடுதல். எதுவானாலும் தேதிவாரியாகப் பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. விசாரணை என்று வரும்போது கேட்பார்கள்.

இந்த ‘முடி’ இன்னும் எங்கெல்லாம் போகிறது பார்க்கலாம் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனை இறக்கினேன். 1924-இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதி. தலைமுடி, மணிமுடி, மலைமுடி, முடிச்சு எல்லாம் பார்த்து, ‘முடுக்கு’ வழியாக ‘முடை’க்கு வந்து சேர்ந்தேன். முடை என்றால் நாற்றம், தட்டுப்பாடு என்று இரண்டும் உண்டு. பத்திரிகை நடத்துகிறவனுக்கு இரண்டாவதை அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி நேரம் போயிருந்தது. இந்த ஒரு மணி நேர வாசிப்பை உங்கள் செயலியில் எங்கே ஏற்றுவது? முப்பது வருஷமாக அந்த ஆறு தொகுதிகளைப் படித்துவருகிறேன், ஒன்றையும் முடித்தபாடில்லை. உங்கள் கணக்குப்படி நான் பூஜ்யம்.

குறளும் அப்படித்தான். 1330-ஐயும் வரிசையாகப் படித்து, ஓரத்தில் டிக் அடித்து, ‘முடித்தேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம்’ என்று போட்டவர் எங்காவது இருக்கக்கூடும். அவரை நான் சந்திக்காமலே இருந்துவிடுகிறேன்.

பட்டியல் கெட்ட பழக்கம் என்று சொல்ல வரவில்லை. பெரிய பெரிய ஆட்களெல்லாம் வைத்திருந்தார்கள். சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை ‘படிக்க வேண்டியவை’, ‘படித்தவை’ என்று நோட்டுப் போட்டு எழுதிவந்தார். சும்மா புரட்டியதைப் புரட்டினேன் என்று எழுதவும் அவர் கூச்சப்படவில்லை. உயிர்களின் தோற்றத்தையே ஆராய்ந்தவர் சில புத்தகங்களைப் புரட்டித்தான் பார்த்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். காந்தி 1922-இலிருந்து 1924 வரை எரவாடா சிறையில் இருந்தபோது படித்தவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நேருவும் சிறையில் படித்ததற்குப் பட்டியல் வைத்திருந்தார். இதிலிருந்து எனக்குத் தெரிவது, வருஷத்துக்கு 52 என்று இலக்கு வைப்பவருக்கு நல்ல செயலியைவிட நல்ல தண்டனை உதவும் என்பதுதான். 31 பேரை முடித்த உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமலில்லை.

உங்கள் செயலி எது என்று சொல்லவில்லை. இந்த வகையில் பிரபலமானது குட்ரீட்ஸ். 2007-இல் ஆரம்பித்தார்கள், 2011-இல் ஆண்டு இலக்குப் போட்டியைக் கொண்டுவந்தார்கள், 2013-இல் அமேசான் வாங்கிப்போட்டது. ஆக, புத்தகம் விற்கிறவரே நாம் எத்தனை படித்தோம் என்று கணக்குப் பார்க்கிறார். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வந்து, “இந்த மாசம் துவரம்பருப்புல ரெண்டு கிலோ பின்தங்கியிருக்கீங்க” என்றால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதையே செயலியிடமும் சொல்லலாம்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? டிசம்பர் பிறந்ததும் 64 பக்கப் புத்தகமாகத் தேட ஆரம்பிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் டிசம்பர் 29 காலையில் தொடங்கி வருஷம் முடிவதற்குள் ஆறு கவிதைத் தொகுப்புகளை விழுங்கினார். ஒரு கவிதை சொல்லுங்கள் என்றேன். “அட்டை நல்லா இருந்துச்சு சார்” என்றார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு கணக்கு வாத்தியார்தான் வழிகாட்டி. சீர்காழிக்காரர். உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். எஸ். ஆர். ரங்கநாதன், 1892-இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1924-இல் அவரைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். நூலகத்தில் பேச ஆளில்லை, வேலையும் பிடிக்கவில்லை, கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்து வா, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். போனவர் அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். நாலு தகடு, நாலு திருகாணியை மாற்றி மாற்றிப் பூட்டி எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அந்த விளையாட்டிலிருந்து புத்தகங்களை வகைப்படுத்தும் முறைக்கு யோசனை பிடித்தார். 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1931-இல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர் என்பவை மற்றவை. கணிதம் படித்த மனிதர் போட்ட ஐந்து விதியில் ஒன்றிலாவது ‘எத்தனை’ வருகிறதா பாருங்கள்.

மூன்றாவது விதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வாசிப்புக்கு முதலில் கணக்கு வைத்தது எங்கள் ஊர்க் கிளை நூலகம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். திருப்பித்தர வேண்டிய தேதியை நூலகர் ஊதா மையில் ‘டப்’ என்று குத்துவார். மை காயும் முன் மூடினால் தேதி எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்துவிடும், அதற்காக வாயால் ஊதிக்கொண்டே வாசல் வரை வருவேன். அப்படி எடுத்த ஒரு பயணநூலின் தாளில் 1983 மார்ச்சில் ஒரு முத்திரை. அதற்குக் கீழே 1991 ஜூலை, அது என்னுடையது. நடுவில் எட்டு வருஷம் அந்தப் புத்தகம் ஆளுக்காகக் காத்துக்கொண்டு அலமாரியில் நின்றிருக்கிறது. அந்த 1983 ஆசாமி யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. 97-ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவரும் முடிக்கவில்லை.

இந்த இடத்தில் என் வழக்கமான புலம்பலையும் வைத்துவிடுகிறேன். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணத்தில்தான் வந்தது, அதற்குப் பின்னால் இருந்தவரும் ரங்கநாதன்தான். அந்தச் சட்டத்தின் வழியாக இன்றும் நீங்கள் கட்டும் வீட்டுவரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரி சேர்கிறது. செயலிக்குக் காசு கட்டினால் தினம் பத்துத் தடவை திறந்து பார்க்கிறோம். நூலகத்துக்கும் கட்டுகிறோம், கட்டுவதே தெரியாமல். ரசீதை எடுத்துப் பாருங்கள்.

சரி, நோட்டா செயலியா? நோட்டு.

என்னுடையது ஒரு உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் மேலே ராகுகாலம், எமகண்டம், கீழே பூச்சிமருந்து விளம்பரம். அதில் ஐந்து கோடு கிழித்திருக்கிறேன். புத்தகம், எப்படிக் கிடைத்தது, எங்கே உட்கார்ந்து படித்தேன், எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன், இப்போது யாரிடம் இருக்கிறது. முடித்த தேதி என்று எதுவும் கிடையாது. ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது: ‘ரஷ்ய நாவல். பழைய புத்தகக்கடை, 40 ரூபாய். கல்யாணத்துக்குப் போன ரயில். பக்கம் 212. மண்டபத்தில் தொலைந்தது.’ இன்னொன்று: ‘சித்த மருத்துவம். அப்பாவுடையது. ஆஸ்பத்திரி வராந்தா. நாலு நாளும் பக்கம் 9.’

டைரியின் கடைசி நாலு பக்கத்தில் பெயரகராதியும் போட்டிருக்கிறேன். இது என் பழைய சண்டை, நெடுநாள் வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் உ.வே.சா. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பின்னால் அரும்பத அகராதி சேர்த்தார். இன்றைக்கு 800 பக்கத்தில் வரலாற்று நூல் போடுகிறார்கள், கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் அதே பதிப்பகத்தின் பிற வெளியீடுகள், விலையோடு. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று சொல்ல ஆளில்லை. போன வருஷம் இதே பகுதியில் இதைச் சொன்னதற்கு ஒரு பதிப்பாள நண்பர் பேச்சை நிறுத்திக்கொண்டார். “அகராதி போட்டால் 16 பக்கம் கூடும், யார் வாங்குவார்கள்?” என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அவர் மனம் மாறும் என்று காத்திருக்கிறேன், அதுவரை அவருடைய புத்தகங்களுக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

என் ஐந்து கோட்டில் அதிகம் பயன்படுவது கடைசிக் கோடு, இப்போது யாரிடம் இருக்கிறது என்பது. அதில் ஒரு வரியை ஒவ்வொரு ஜனவரியிலும் புது டைரியின் முதல் பக்கத்துக்கு ‘முன்பாக்கி’ என்று ஏற்றிக்கொண்டே வருகிறேன். மூன்று பாக நாவல் ஒன்றின் இரண்டாம் பாகம். 1998 தீபாவளிக்கு மறுநாள் ஒரு நண்பர், “ராத்திரி படிச்சுட்டுக் காலையில தர்றேன்” என்று எடுத்துப்போனார். முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் நான் அலமாரியில் ஒட்ட விடுவதில்லை, நடுவில் ஒரு புத்தக அகலத்துக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் அந்தச் சந்தில் மின்கட்டண அட்டையைச் செருகிவைக்கிறார்கள்.

வருஷத்துக்கு எத்தனை என்பதற்குப் பதில் வரவில்லை என்று கவனித்திருப்பீர்கள். வராது. அதைவிட முக்கியமான விஷயம் இருக்கிறது. மேற்படி நண்பர் ஓய்வுபெற்று உங்கள் ஊரில்தான் குடியேறியிருக்கிறார். தெருப்பெயரை எழுத மாட்டேன், அந்த மரியாதை எனக்குத் தெரியும். உங்களுக்குப் பக்கத்துத் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் தாம் சேர்த்த அச்சுப் புத்தகங்களில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுவைத்திருக்கிறார். ராஜாவே போடும்போது நமக்கென்ன என்று நானும் என் புத்தகங்களில் 17-ஆம் பக்கத்து மூலையில் பச்சை மையில் போட்டுவைப்பேன். யார் வீட்டிலாவது காபிக்கு உட்காரும்போது அலமாரியில் ஒரு இரண்டாம் பாகம் மட்டும் தனியாக நின்றால், 17-ஆம் பக்கத்தைத் திருப்புங்கள். பச்சை மை தெரிந்தால் ஒன்றும் பேசாமல் கையோடு எடுத்துவந்து எங்கள் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் வேண்டுமானால் படித்துக்கொள்ளலாம். 32 ஆகிவிடும்.