ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குப் பூண்டுச் சாறும் வைட்டமின் ஈ மாத்திரையும் போதுமா?

அப்பாவுக்கு மூன்று மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள் என்கிறீர்கள். மாத்திரைகளை நிறுத்திவிட்டு வைட்டமின் ஈ-யும், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய சாறும் எடுத்தால் அடைப்பு கரைந்துவிடும் என்று அவர் நம்புவதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கரையாது. முதலில் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு 18 வருடமாக மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். இதே சாற்றைக் குடித்தவர் என் சித்தப்பா. ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்த நான்காவது மாதம், வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பைப் பார்த்துச் சித்தியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு நாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மறுநாள் அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரை அளவு சாறு இருந்தது. மேலே டப்பாவில், ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரைப் பட்டை. 15 மாத்திரையில் இரண்டுதான் பிரிக்கப்பட்டிருந்தது. மாதாமாதம் அந்தப் பட்டையை என் கையால் கொடுத்தவன் நான். அந்த மாதம் அவர் கடைக்கு வரவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்த இடத்தைத் திறந்து வைக்கும் கம்பி வலை. ரத்தத்துக்கு அது வெளியாள். நம் உடம்பின் செல்கள் மெதுவாக வளர்ந்து அதை மூடும்வரை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் (சிலருக்கு டிகாக்ரெலார்). ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. நடுவில் தானாக விடுவதுதான் ஆபத்து.

'கரைக்கும்' என்ற சொல்லே தவறான படத்தைக் காட்டுகிறது. சிங்க் குழாயில் அழுக்கு சேர்வதுபோல ரத்தக்குழாயில் கொழுப்பு சேர்வதில்லை. அது குழாய்ச் சுவரின் உள்ளே புடைத்து வளர்கிற ஒரு புண் மாதிரி. வினிகரும் எலுமிச்சையும் வயிற்றுக்குப் போய் செரிக்கும். அந்தச் சுவருக்குள் போய் எதையும் சுரண்டாது.

சரி, வைட்டமின் ஈ? அந்த எண்ணம் முட்டாள்தனமானது அல்ல. கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் அடைப்பு வளர்கிறது, ஆகவே அதைத் தடுக்கும் வைட்டமின் இதயத்தைக் காக்கும் என்று விஞ்ஞானிகளே நம்பினார்கள். 1990-களில் வைட்டமின் ஈ எடுப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று கணக்கெடுப்புகளும் வந்தன. ஆனால் வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆட்களைப் பிரித்துச் சோதித்தார்கள். பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2002-இல் வந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது) மூன்றும். பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஐந்து வருடம் கொடுத்தும் மாரடைப்பிலோ சாவிலோ வித்தியாசமே இல்லை. அதே ஆட்களில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன. அதே நாடு, அதே நோயாளிகள், அதே ஐந்து வருடம். இதைவிட நேரான ஒப்பீடு கிடைக்காது.

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே' என்று கடையில் தினமும் கேட்கிறார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில், மேலே சொன்ன அதே பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-இல் வந்த அந்த முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதற்காக வைட்டமினையே வெறுக்க வேண்டாம். பெரிபெரி நோயில் வைட்டமின் பி1 குறைந்து இதயம் வீங்கிச் செயலிழக்கும், பி1 கொடுத்தால் சட்டென்று மீளும். தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்ற இடங்களில் அது பரவியது. நம் புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டிலுள்ள பி1 மணிக்குள் இறங்கிவிடுகிறது. குறைபாடு இருந்தால் வைட்டமின் மருந்துதான். அப்பா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர், அல்லது சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் பி12 பரிசோதனை செய்து பாருங்கள். குறைந்திருந்தால் ஈடுகட்டுவது நல்லது. ஆனால் அது நரம்புக்கும் ரத்தத்துக்கும்தான், அடைப்புக்கு அல்ல.

இயற்கை வழி வேண்டும் என்றால் இருக்கிறது, மாத்திரையோடு சேர்த்து. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துவதுதான் அதில் பெரியது. அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்த ஒரு ஸ்பூனுக்குள்தான். டாக்டர் அனுமதித்த அளவுக்கு நடை. சோற்றைக் குறைத்து காய், பயறு, ஒரு கை நிலக்கடலை.

சமையலில் போடும் பூண்டால் பயமில்லை. ஆனால் செறிவான பூண்டு மாத்திரை, அதிக அளவு வைட்டமின் ஈ, ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை ஆகியவை ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். மருதம்பட்டை உட்பட எது எடுத்தாலும் இதய டாக்டரிடம் மறைக்காதீர்கள். பாட்டிலையே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். சாற்றைக் கீழே ஊற்றவும் வேண்டாம், கோபப்படுவார். இன்று இரவே அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து, கடைசியாக வாங்கிய தேதியையும் மீதியிருக்கும் மாத்திரைகளையும் எண்ணிப் பாருங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள்.