பழைய அவுட்போர்டு மோட்டார்ல (படகோட பின்பக்கம் மாட்டுற இன்ஜின்) வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணிய ஏத்துற ரப்பர் றெக்கைச் சக்கரம்) நாமளே மாத்தலாமா?

தாராளமா மாத்தலாம். 2 ஸ்ட்ரோக் பழைய மோட்டார், பீச்சுற தண்ணி மெலிஞ்சிடுச்சு, சூடாகுதுன்னு சொல்றீங்க, முதல்ல அந்தத் தண்ணி வர்ற ஓட்டைய மெல்லிசான கம்பி விட்டு குத்திப் பாருங்க, சில நேரம் வெறும் உப்பும் மண்ணும்தான் அடைச்சிருக்கும். அது இல்லன்னா பிளக் வயர கழட்டிட்டு, கியர் ராட விடுவிச்சு, லோயர் யூனிட்ட (புரொப்பெல்லர் இருக்க கீழ்ப் பாகம்) இறக்குங்க. நிறைய மாடல்ல ட்ரிம் டேபுக்கு (புரொப்பெல்லருக்கு மேல இருக்க சின்னத் துடுப்பு) உள்ள ஒரு போல்ட் ஒளிஞ்சிருக்கும், அத கவனிக்காம சுத்தியலால தட்டித்தான் பல பேரு கேஸிங்க உடைக்கிறாங்க.

பழைய இம்பெல்லர்ல றெக்கை பிஞ்சிருந்தா அந்த ரப்பர் துண்டு எங்க போச்சுன்னு தேடி எடுத்தே ஆகணும், தண்ணிக் குழாய்லயோ தெர்மோஸ்டாட் பக்கமோ சிக்கியிருந்தா புதுசு போட்டும் பிரயோஜனமில்ல. இம்பெல்லர ஷாஃப்டோட சேத்துப் பிடிக்கிற குட்டி கீய தொலைச்சிடாதீங்க. இம்பெல்லர் சுத்துற உள் கப்புல ஆழமா கோடு விழுந்திருந்தா அதையும் மாத்திடுங்க.

புதுசுல சோப்புத் தண்ணி தடவி, ஷாஃப்ட மேலருந்து பாத்தா கடிகாரம் சுத்துற பக்கமா திருப்பிக்கிட்டே ஹவுசிங்க (பம்ப் மூடி) அழுத்துங்க, றெக்கையெல்லாம் ஒரே பக்கமா மடிஞ்சு உக்காரும். திரும்ப மாட்டும்போது தண்ணிக் குழாய் நேரா நுழையுதான்னு பாத்துக்கோங்க. டெஸ்ட் பண்றப்ப டிரம்ல தண்ணி ரொப்பி அதுல வச்சு ஓட்டுங்க, காஞ்ச நிலையில ஓட்டுனா புது ரப்பரும் சீக்கிரமே கருகிடும்.