தலையணை உறைக்குள் இட்லி ஒளித்து வைக்கும் வளர்ப்புப் பிள்ளை

அடி விழுந்த அப்பா வீட்டிலிருந்து வந்து உங்களிடம் வளரும் ஒன்பது வயதுப் பெண் தலையணை உறைக்குள் இட்லியை ஒளிக்கிறாள் என்று பதிவு போட்டிருக்கிறீர்கள். எடுத்துக் கொட்டிவிட்டுத் திட்டினால் ஒளிப்பது கூடுமே தவிர நிற்காது. "மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடுறா, அப்புறம் ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடி விழுந்த வீட்டில் சோறும் பல நேரம் தண்டனைக் கருவிதான். பட்டினி போடப்பட்ட ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்றைய பசி பயமில்லை, நாளைக்குக் கிடைக்குமா என்பதுதான் பயம். திருட்டு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

இறுக்கமான மூடி உள்ள டப்பா ஒன்றை அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கடலைமிட்டாய், பொரி உருண்டை, பிஸ்கட் மாதிரி கெடாதவை போதும். கேட்கும் முன்பே நிரப்பிவிடுங்கள். எத்தனை குறைந்தது என்று அவள் காதுபட எண்ணாதீர்கள், எண்ணினால் ஒளிக்கும் இடம்தான் மாறும்.

சில வாரங்களில் டப்பா நிறைந்தே கிடந்து, தலையணை உறையும் சுத்தமாக இருந்தால், ஒளித்ததற்குக் காரணம் நாளைக்குக் கிடைக்குமா என்ற அந்தப் பயம்தான். வாந்தி வரும்வரை தின்றாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, குடற்புழு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவைப் பற்றித் தோண்டாதீர்கள். அவளாகச் சொன்னால் அதே வார்த்தைகளில், தேதி போட்டு எழுதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுங்கள். அவர் வாசலில் வந்து நின்றாலும், பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவில்லாமல் அவளை அனுப்ப வேண்டாம். தகராறு செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

பதிவில் பள்ளிப் பெயர் இருக்கிறது, உடனே நீக்குங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இப்படி அடையாளம் வெளியிடுவதைத் தடை செய்கிறது.