ஜிம்மர் ஃப்ரெடெட்டும் பிவட் காலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜிம்மர் ஃப்ரெடெட் ஓய்வு பெற்ற செய்தியைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. கல்லூரிக் கூடைப்பந்தில் அமெரிக்காவிலேயே முதல் ஆள். தொழில்முறை லீகான என்பிஏவில் தேறாமல் கடைசியில் சீனாவுக்குப் போனார். அவருக்கே அந்தக் கதி. என் மகன் அமெரிக்காவில் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனாக, ஆடுகிறான். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. ஐரோப்பாவில் ஆட வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் பேசுகிறார். எந்த நாட்டில் ஆரம்பிப்பது நல்லது? உயரம் ஆறடி ஓரங்குலம்தான், அது குறையா? இதெல்லாம் ஒரு வேலையா என்று வீட்டில் தினமும் சண்டை.

க.

அன்புள்ள க.,

பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்குப் பந்தாட அனுப்புவதென்றால் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் வராது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஜிம்மரின் வாழ்க்கையை ஒரே வரியில் மூட்டை கட்டிவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை.

2010-11இல் பிரிகம் யங் பல்கலைக்கழக (பிஒய்யு) அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி. அந்த வருஷம் அமெரிக்கக் கல்லூரிகளில் அதுதான் உச்சம். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது, உட்டன் விருது இரண்டும் அவருக்கே. என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டு சாக்ரமென்டோ கிங்ஸுக்கு வந்தார். வந்த நேரம், அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு முற்றி லீகையே பூட்டிவிட்டார்கள். கோடைகால லீக் நடக்கவில்லை. பயிற்சி முகாமும் பெயருக்குத்தான். கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய சீசனில் அணிக்கு 66 ஆட்டம்தான். மூன்று சீசன் முடிவதற்குள் மூன்று கோச்சுகளிடம் ஆட வேண்டியிருந்தது. அதே டிராஃப்டில் கடைசியாக, 60ஆவதாக எடுக்கப்பட்ட ஐசையா தாமஸ் அதே அணிக்கு வந்து பாயிண்ட் கார்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியில் ஓயாமல் பந்து கையில் இருந்து பழகியவரை மூலையில் நிறுத்தி, பந்து வந்தால் எறி என்றார்கள். டிஃபென்ஸில் அவர் பலவீனம் என்பதும் உண்மை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எறிதல் கெடவே இல்லை. 2013-14இல் கிங்ஸுக்காக எறிந்த மூன்று புள்ளி எறிதல்களில் ஏறக்குறைய பாதி உள்ளே போயின.

2016இல் சீனாவின் ஷாங்காய் ஷார்க்ஸ். அப்போது அணியின் உரிமையாளர், முன்னாள் என்பிஏ நட்சத்திரம் யாவ் மிங். முதல் சீசனில் சராசரி 37.6 புள்ளி. 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73, 2018 நவம்பரில் 75. இரண்டிலுமே அணி தோற்றது. ஏன் அப்படி என்று யோசித்தீர்களா? அப்போது சீன லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கீடு இருந்தது. கடைசிக் கால்பகுதியில் அவர்களில் ஒருவர்தான் களத்தில் நிற்க முடியும். அந்த ஒருவருக்காகத்தான் எதிரணி இரண்டு பேரை ஏவிவிடும். அதற்கு நடுவில் 75 புள்ளி! பிறகு கிரீஸில் பனாதினைகோஸ். அதற்கும் பிறகு மூவர் கூடைப்பந்தில் 2023 உலகக் கோப்பை வெள்ளி, பாரிஸ் ஒலிம்பிக்ஸ். இதையா கதி என்கிறீர்கள்?

வெளிநாடு என்றால் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியில் கொடிகட்டிப் பறந்த பில் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபடியே மிலான் அணிக்கு ஆடி, 1966இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற பிறகுதான் நியூயார்க் நிக்ஸ் அணிக்குப் போனார். பெண்கள் கூடைப்பந்தின் நட்சத்திரம் டயானா டாரசிக்கு ரஷ்ய அணி ஒன்று, 2015 கோடையில் அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுக்கவே சம்பளம் கொடுத்தது. யாரும் யாரையும் நாடு கடத்தவில்லை. அது வேறொரு தொழில், அதற்கென்று தனி நுணுக்கம் உண்டு.

அந்த நுணுக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பையன்களை ஐரோப்பாவில் முதல் மாதத்திலேயே கவிழ்ப்பது பிவட் கால், அதாவது பந்தைக் கையில் வைத்திருக்கும்போது தரையில் ஊன்றியே இருக்க வேண்டிய கால்.

நின்ற இடத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு தட்டத் தொடங்கும்போது, பந்து கையை விட்ட பிறகுதான் பிவட் கால் தரையை விட்டு எழ வேண்டும். அமெரிக்க விதிப் புத்தகங்களும் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் அங்கே நடுவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பையன்களும் முதல் அடியின் வேகத்துக்காகக் காலை முன்னால் எடுத்துப் பழகிவிடுகிறார்கள். ஐரோப்பிய நடுவர் உடனே விசில் ஊதிவிடுவார். ஆகஸ்டில் நடக்கும் நட்பு ஆட்டங்களில் மூன்று ட்ராவலிங் (இந்தக் கால் தப்புக்குப் பெயர் அதுதான்) விழுந்தால் பையன் தயங்க ஆரம்பிப்பான். தயங்கினால் வேகம் போகும். வேகம் போன பாயிண்ட் கார்டை வைத்துக்கொண்டு கோச் என்ன செய்வார்? வெளிநாட்டுக்காரர்களுக்கு இடம் குறைவு, அடுத்த ஆள் விமானம் ஏறத் தயாராக இருப்பான். 2017இல் சர்வதேச விதி மாறிவிட்டதே, இனி கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்த மாற்றம் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு. நின்று தொடங்குபவருக்கு ஒரு சலுகையும் கிடையாது.

சரி செய்வது இப்படி. வலப்பக்கம் போகிறான், இடது கால் பிவட் என்று வையுங்கள். வலது கால் நீளமாக எட்டு வைக்கும்போதே பந்தும் அந்தக் காலுக்கு வெளியே, சற்று முன்னால், தரையை நோக்கிப் போக வேண்டும். பந்து கையை விடும் நொடியில் இடது காலின் கட்டைவிரல் தரையில் ஒட்டியிருக்க வேண்டும். குதிகால் எழலாம், விரல் எழக்கூடாது. பந்தை இடுப்புக்கு மேலே வைத்துக்கொண்டு கிளம்பினால் அது இறங்கி வருவதற்குள் கால் முந்திவிடும். அதனால் பந்து முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கிளம்புமுன் பின்கால் சற்றே தூக்கி மறுபடி ஊன்றும் பழக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவே பிவட் காலாக இருந்தால் அங்கேயே விசில்தான். பக்கத்துக்கு இருபது முறை, தினமும், டிஃபெண்டர் இல்லாமல். இரண்டு வாரம் கழித்து டிஃபெண்டருடன். களைத்த பிறகும் செய்யட்டும். களைப்பில்தான் பழைய பழக்கம் திரும்பி வரும்.

மற்றவை இதைவிட எளிது. தடுப்பவர் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக்கூடாது என்ற என்பிஏ விதி அங்கே இல்லாததால் எதிரணியின் சென்டர், அவர்களுடைய நெட்டை ஆள், கூடைக்கடியிலேயே நிற்பார். ஆகவே மூன்று மீட்டரிலிருந்து ஒரு ஃப்ளோட்டர், அவர் கைக்கு மேலாக மெல்ல உயர்த்திப் போடும் எறிதல், கைவசம் வேண்டும். டைம் அவுட்டை கோச்சோ அவருடைய முதல் உதவி கோச்சோதான் கேட்க முடியும், ஆட்டக்காரர் கேட்க முடியாது. கோட்டுக்கு வெளியே விழும்போது கையை ஆட்டிப் பயனில்லை. உயரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஜிம்மரே ஆறடி இரண்டங்குலம்தான்.

எந்த நாடு என்றீர்களே. ஜெர்மனியின் கீழ்நிலை லீக்குகளில் பணம் குறைவு, ஆனால் சம்பளம் தேதி தவறாது என்று பெயர். நாட்டைவிட ஒப்பந்தத்தைப் பாருங்கள். சம்பளம் வரி போகக் கையில் வரும் தொகையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வீடு, மின்கட்டணம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் வார்த்தையில் இருந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் முடிந்து, அதன்பின் சம்பளம் முழுதும் உறுதி என்று இருக்கட்டும். பிடிக்காவிட்டால் முதல் மாதத்தில் அனுப்பிவிடலாம் என்று ஒரு ஷரத்து மெல்ல நுழைந்திருக்கும், அதை அடிக்கச் சொல்லுங்கள். தகராறு வந்தால் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா அமைத்த கூடைப்பந்து நடுவர் தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம் என்ற ஷரத்து கட்டாயம். அது இல்லையென்றால் அந்த ஊர் நீதிமன்றத்தில் அவர்கள் மொழியில் அலைய வேண்டும். அந்த மன்றத்தின் தீர்ப்பை மதிக்காத கிளப், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாமல் ஃபிபா தடுக்கலாம் என்பதால் கிளப்புகளுக்கு அந்தப் பயம் உண்டு. ஏஜென்டின் பெயர் ஃபிபாவின் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கமிஷனைப் பெரும்பாலும் கிளப்தான் தரும். உங்களிடம் முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

வீட்டுச் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். மகனிடம் மட்டும் ஒரு வேலை சொல்லுங்கள். கைபேசியை முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் வைத்து, பத்து முறை வலது, பத்து முறை இடது கிளம்புவதை மெதுவோட்டத்தில் எடுத்து எனக்கு அனுப்பட்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. பந்தும் பாதமும் ஒரே படச்சட்டத்தில் இருந்தால் போதும்.